பித்தப்பையில் முத்துக்கள்

பித்தப்பைக்கு நம்மிடம் மரியாதை கிடையாது. இதயத்தை வைத்துக் காதல் கவிதை எழுதுகிறார்கள். கல்லீரலைக் காட்டி மதுவிலக்குப் பிரசாரம் செய்கிறார்கள். சிறுநீரகத்துக்குத் திருட்டுச் சந்தையே இருக்கிறது. கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தப் பேரிக்காய் வடிவப் பையை யாரும் நினைப்பதில்லை. அதில் 30 முதல் 50 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். கல்லீரல் சுரக்கும் பித்தநீரை வாங்கிக் கெட்டியாக்கி வைத்திருந்து, நெய்யோ வடையோ உள்ளே போனதும் குடலுக்குள் பீய்ச்சுவது அதன் வேலை. அறுத்து எடுத்துவிட்டால்கூட மனிதன் சௌகரியமாக வாழலாம். சிவபெருமானையே பித்தன் என்று கூப்பிட்ட மொழி நம்முடையது. பித்தத்துக்கு இருக்கும் கௌரவம் பித்தப்பைக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பையில் புற்றுநோய் வரும் என்று முதலில் எழுதிவைத்தவர் வியன்னா மருத்துவர் மாக்ஸிமிலியன் ஸ்டோல். ஆண்டு 1777. பிரேதப் பரிசோதனையில் பார்த்ததை எழுதினார். இறந்த பிறகு கண்டுபிடிப்பது என்ற அந்த வழக்கம் ரொம்ப காலம் மாறவில்லை. இன்றும் பெரும்பாலானவர்களுக்கு, ஆபரேஷன் செய்ய முடியாத கட்டத்தில்தான் தெரியவருகிறது. 2020-ல் உலகம் முழுவதும் இந்த நோய் கண்டவர்கள் சுமார் 1,16,000 பேர். அதே ஆண்டில் இதனால் இறந்தவர்கள் சுமார் 85,000 பேர். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே போதும், நோயின் குணத்தைச் சொல்ல.

உலகக் கணக்கில் இது அபூர்வ நோய். ஆனால் அபூர்வம் என்பது முகவரியைப் பொறுத்தது. சிலி நாட்டின் மபூச்சே பழங்குடிப் பெண்களுக்கு இது அபூர்வம் அல்ல. டெல்லியில் தொடங்கி உத்தரப் பிரதேசம், பிகார், மேற்கு வங்கம் என்று கங்கையோடு போய் அசாம் வரை உள்ள பெண்களுக்கும் அபூர்வம் அல்ல. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் பின்வரிசையில் இருக்கும் இந்த நோய், வடக்கே முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. தெற்கிலிருந்து போன குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. எங்களுக்கும் தெரியாது.

என் அண்ணா ரயில்வே வேலைக்காக வாரணாசி போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அண்ணி பல்லியா மாவட்டத்துக்காரர். தாய்மொழி போஜ்புரி. தமிழ் நன்றாகவே பேசுவார், ‘ழ’ மட்டும் வராது (தமிழர்களில் பாதிப் பேருக்கு வராத எழுத்து அது, குறை சொல்ல முடியாது). என்னைக் கூப்பிடுவது ‘தேவர்ஜி’ என்று. இந்தியில் கணவனின் தம்பி என்று அர்த்தம். மதுரை ரயில் நிலையத்தில் ஒருமுறை உரக்க அப்படிக் கூப்பிட்டபோது நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

2022 மார்ச் மாதம் அண்ணிக்குச் சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள். சுவர் 5 மில்லிமீட்டர் தடிப்பு. சாதாரணமாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நாள்பட்ட அழற்சியிலும் தடிக்கும், எனவே யாரும் பதறவில்லை. லேப்ராஸ்கோப்பி மூலம் பையை எடுத்தார்கள். அறுவை மருத்துவர் அதைத் தட்டில் வைத்துக் கத்தியால் பிளந்து, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். ஓரிடம் கெட்டியாக இருந்தது. பையை ஃபார்மலின் புட்டியில் போட்டு, அண்ணாவிடம் ஒரு படிவத்தோடு கொடுத்து, இதை உடனே பரிசோதனைக்குக் கொடுங்கள் என்றார். கட்டணம் 800 ரூபாய். கற்களைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அது ஒரு சம்பிரதாயம். பார்க்க வரும் உறவினர்களுக்குக் காட்டலாம்.

ஒன்பதாம் நாள் அறிக்கை வந்தது. ஒரே பக்கம். அண்ணா அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மன்னார்குடியில் இருக்கும் அம்மாவுக்கு ஃபோன் செய்து ஒரு வார்த்தை மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அன்று இரவே என்னைக் கூப்பிட்டார்.

“கேன்சர்னு சொல்லிட்டு வெச்சுட்டான் உங்கண்ணன். அந்தக் காகிதத்துல என்ன இருக்குன்னு தமிழ்ல எழுதி அனுப்புடா. நானே படிச்சுக்கறேன்.”

மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. நிதியமைச்சர்களின் பட்ஜெட், ஏவுகணை, பங்குச் சந்தை ஊழல், நீதிமன்றத் தீர்ப்பு என்று எதையும் மாலைக்குள் தமிழாக்கிவிடுவேன். இந்த ஒரு பக்கத்துக்கு ஐந்து நாள் ஆனது.

ஆங்கில மருத்துவ நடையில் சில சொற்கள் நாம் நினைப்பதற்கு நேர் எதிரானவை. பித்தக் குழாயின் வெட்டு விளிம்பு ‘அன்ரிமார்க்கபிள்’ என்று இருந்தது. குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்று பொருள். பத்திரிகை அலுவலகத்தில் ஒரு கட்டுரையைப் பற்றி அப்படிச் சொன்னால் அது குப்பைக் கூடைக்குப் போகும். ஆய்வுக்கூடத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அடுத்தது, ‘மாடரேட்லி டிஃபரன்ஷியேட்டட்’. அகராதியைப் பார்த்து ‘ஓரளவு வேறுபட்ட’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். செல் எதிலிருந்து வேறுபட்டது என்பதல்ல விஷயம். பிறந்த திசுவின் சாயலும் வேலையும் அந்தச் செல்லிடம் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் அளவு. சாயல் நன்றாகத் தெரிந்தால் நோய் கொஞ்சம் நிதானமானது. துளியும் தெரியாவிட்டால் மூர்க்கமானது. அண்ணியின் செல்கள் நடுவில் இருந்தன. ‘பிறந்த இடத்தைப் பாதி மறந்த செல்கள்’ என்று அம்மாவுக்கு எழுதினேன். இலக்கணப்படி சரியில்லை, அம்மாவுக்குப் புரிந்தது.

நோயின் பெயரில் நின்றுவிட்டேன். ‘அடினோஸ்குவாமஸ் கார்சினோமா’. டெல்லியில் எனக்குத் தெரிந்த நோய்க்கூறு நிபுணர் ஒருவர் இருக்கிறார், தஞ்சாவூர்ப் பெண்மணி. இரண்டாவது அபிப்பிராயத்துக்காக அண்ணா கூரியரில் அனுப்பிய கண்ணாடி ஸ்லைடுகளை அவரிடம் எடுத்துப்போனேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும்படியான மைக்ராஸ்கோப் அவரிடம் இருந்தது. “உட்காருங்க சார்” என்று எதிர்ப்பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

முதலில் தெரிந்தவை நிறங்கள்தான். ஊதாவும் இளஞ்சிவப்பும். செல்லின் கருவுக்கு ஊதா ஏற்றும் ஹிமடாக்ஸிலின் சாயம் மத்திய அமெரிக்காவின் ஒரு மரக்கட்டையிலிருந்து வந்தது. மற்றப் பகுதிகளுக்குச் சிவப்பு தருவது ஈயோசின். நூறாண்டுகளுக்கும் மேலாக உலகத்தின் பெரும்பாலான புற்றுநோய்த் தீர்ப்புகள் இந்த இரண்டு சாயங்களை நம்பித்தான் எழுதப்படுகின்றன.

பித்தப்பையின் உள்சுவரில் இயல்பாக இருப்பவை உயரமான தூண் போன்ற செல்கள். ஒரே வரிசை, கோயில் பிராகாரம் மாதிரி. இவற்றிலிருந்து புற்று கிளம்பினால் அது சுரப்பி வகை. பித்தப்பைப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவை அதுதான். அவர் ஸ்லைடை மெல்ல நகர்த்தினார். ஒழுங்கு கெட்ட சுரப்பிகள் கோணல்மாணலாகத் தெரிந்தன. இன்னும் நகர்த்தினார். காட்சியே மாறியது. தட்டையான செல்கள் அடுக்கடுக்காக, செங்கல் பரப்பியது போல. நடுவில் அங்கங்கே வட்ட வட்டமாக, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதைப் போல, பளபளக்கும் இளஞ்சிவப்புச் சுருள்கள்.

“இதுக்குப் பேர் கெரட்டின் முத்து” என்றார்.

கெரட்டின் என்பது நகத்திலும் முடியிலும் மேல்தோலிலும் இருக்கும் புரதம். அதை உருவாக்கும் தட்டையான செல்களுக்கு லத்தீனில் ‘செதில்’ என்று பொருள்படும் பெயர். தோலிலும் வாயிலும் உணவுக்குழாயிலும் கருப்பை வாயிலும் அவை இருக்கும். பித்தப்பையில் அவற்றுக்கு வேலையே இல்லை. பின் எப்படி வந்தன? ஆண்டுக்கணக்கில் கல் உரசுகிறது. அழற்சி வருகிறது, ஆறுகிறது, மறுபடி வருகிறது. அந்த உபத்திரவத்தைத் தாங்குவதற்காகத் தூண் செல்கள் தங்கள் குணத்தை மாற்றிக்கொண்டு செதில் செல்களாகின்றன என்பது ஒரு விளக்கம். கிளம்பிவிட்ட சுரப்பிப் புற்றின் ஒரு பகுதியே பின்னர் செதிலாகத் திரும்புகிறது என்பது மற்றொன்று. ஒரே கட்டியில் இரண்டு வகையும் இருந்து, செதில் பகுதி குறைந்தது கால்பங்கு இருந்தால், அதற்கு ‘சுரப்பி - செதில்’ என்ற இரட்டைப் பெயர். அண்ணியினுடையதில் 40 சதவீதம். பித்தப்பைப் புற்றே உலகக் கணக்கில் அபூர்வம், அதற்குள் இது இன்னொரு அபூர்வம். செதில் பகுதி வேகமாகப் பெருகும். நிணநீர்க் கணுக்களுக்குப் போவதைவிடப் பக்கத்தில் இருப்பதை, அதாவது கல்லீரலை, நேரடியாகத் துளைத்துக்கொண்டு போவதில் அதற்கு நாட்டம் அதிகம்.

கிரேக்கர்களுக்கு இந்த நோயின் கட்டி நண்டாகத் தெரிந்தது. ஆங்கிலப் பெயரின் மூலம் அதுதான். தமிழில் புற்று. வெளியே ஒரு மேடு, உள்ளே எத்தனை வழி என்று தெரியாத சுரங்கம். ஸ்லைடைப் பார்த்த பிறகு எனக்குத் தமிழ்ச்சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. சுயமொழிப் பெருமையில் சொல்லவில்லை.

ஆனால் ‘முத்து’ உறுத்தியது. இத்தனை அழகான சொல்லை அந்த இடத்தில் எழுதலாமா என்று ‘உருண்டை’, ‘சுருள்’, ‘மணி’ என்றெல்லாம் எழுதி அடித்தேன். கடைசியில் அறிக்கையில் இருப்பதுபோலவே முத்து என்று எழுதி அனுப்பினேன். அம்மாவுக்கு அது உறுத்தவே இல்லை.

“அம்மை முத்து மாதிரியா?” என்று கேட்டார்.

அம்மைக் கொப்புளத்தை முத்து என்று சொல்லும் மொழியில் எம்.ஏ. படித்தவனுக்கு அது தோன்றவில்லை.

அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் அண்ணியின் சிகிச்சையைத் தீர்மானித்தது. புற்று சுவரில் எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்ற வரி. குடலின் சுவரில் உள்சவ்வுக்கும் தசைக்கும் நடுவே இன்னொரு அடுக்கு மெத்தை போல இருக்கும். பித்தப்பைக்கு அது கிடையாது. உள்சவ்வு, மெல்லிய தசை, அதற்கு வெளியே கொஞ்சம் இணைப்புத் திசு, அதன்மேல் ஒரு போர்வை. கல்லீரலோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில் அந்தப் போர்வையும் இல்லை. இணைப்புத் திசு நேராகக் கல்லீரலில் போய்க் கலக்கிறது. நடுவில் சுவர் வைக்காமல் கட்டிய ஒண்டுக்குடித்தனம் மாதிரி. உள்சவ்வோடு நின்றுவிட்ட புற்றுக்குப் பையை எடுத்ததே போதும். தசைக்குள் இறங்கியிருந்தால் மறுபடி வயிற்றைத் திறந்து, பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் இடையில் இருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்.

அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. நாள்பட்ட அழற்சியில் உள்சவ்வு சுருங்கிச் சுருங்கித் தசைக்குள் பொந்துகளாக இறங்கும். ரொகிடான்ஸ்கி, ஆஷாஃப் என்ற இரண்டு மருத்துவர்களின் பெயர் அவற்றுக்கு. அவை வெறும் பொந்துகள், நோயல்ல. ஆனால் புற்று தசைக்குள் இறங்கிவிட்டதைப் போல மைக்ராஸ்கோப்பில் பயமுறுத்தும். நிஜமான புற்றும் அந்தப் பொந்து வழியாகவே ஆழத்துக்குப் போய் உட்காரும். எது எது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் அந்தத் தஞ்சாவூர் அம்மாள் சம்பளம் வாங்குகிறார். “நோயாளியை நாங்க பார்க்கறதே இல்லை சார். எங்களுக்கு அவங்க ஒரு நம்பர்” என்றார். அந்த நம்பரின் ஸ்லைடை நாற்பது நிமிஷம் பார்த்தார். வாரணாசிக்காரர் எழுதியது சரி: தசையைத் தாண்டி இணைப்புத் திசுவில், கல்லீரல் பக்கம். கல்லீரலைத் தொடவில்லை.

ஏப்ரலில் ஒரு பெரிய மருத்துவமனையில் இரண்டாவது ஆபரேஷன். நான் பத்து நாள் அங்கே இருந்தேன். அண்ணிக்குப் பக்கத்துப் படுக்கையில் பக்கத்து மாவட்டத்துப் பெண், வயது 46. 2020 கடைசியில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்துக்கொண்டவர். ஒன்றரை வருடம் கழித்து, தொப்புளுக்கு அருகே, லேப்ராஸ்கோப் நுழைத்த தழும்பில் ஒரு கட்டி. எடுத்த பையில் புற்று இருந்து, வெளியே வரும்போது அதன் செல்கள் தழும்பில் விழுந்தால் இப்படி முளைக்கும்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் முதலில் கேட்டது, “அந்தப் பையின் ரிப்போர்ட் எங்கே?”

கணவர் பைக்குள் துழாவினார். நர்சிங் ஹோமின் பில் இருந்தது. ஸ்கேன் படம் இருந்தது. பிறகு மரியாதையோடு இரண்டு கைகளாலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே நாலு கற்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது அதுதான். ஒன்றரை வருடம் பத்திரமாக வைத்திருந்தார்கள். பை எந்தக் குப்பையில் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. எந்த வகை, எந்த அடுக்கு, விளிம்பு சுத்தமா என்று ஒன்றும் தெரியாது. டாக்டர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

கல்லுக்காக எடுக்கும் பைகளில் நூற்றில் ஒன்றில்கூடப் புற்று இருப்பதில்லை. எனவே எல்லாப் பையையும் பரிசோதிப்பது வீண் செலவு, பிளந்து பார்த்துச் சந்தேகம் இருந்தால் அனுப்பினால் போதும் என்று மேல்நாடுகளில் ஒரு வாதம் நடக்கிறது. நோய் குறைந்த நாட்டுக்கு அது நியாயமாக இருக்கலாம். பிளந்து பார்க்கவே நேரம் ஒதுக்காத இடத்தில், அதுவும் கங்கைச் சமவெளியில், அந்த வாதத்தை இறக்குமதி செய்வது அநியாயம். அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்யும் கட்டம் கடந்துவிட்டது. கீமோ என்று எழுதிக்கொடுத்தார்கள். கீமோவால் என்ன கிடைக்கும் என்பதற்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களே 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்ய முடியாத 81 பித்தப்பைப் புற்று நோயாளிகள். ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் நாலரை மாதத்துக்குள் இறந்தார்கள். ஜெம்சிடபினும் ஆக்ஸாலிபிளாட்டினும் பெற்றவர்களுக்கு அந்தக் கணக்கு ஒன்பதரை மாதம். ஐந்து மாதம் சின்ன விஷயம் இல்லை. அவருடைய கடைசிப் பெண் பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

மன்னார்குடியில் இதற்குள் அம்மா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “அந்தக் கடுகெண்ணெய் வேண்டாம்னு கல்யாணமான வருஷமே சொன்னேன்.” முப்பது வருடத்து மாமியார் - மருமகள் வழக்கு. அம்மாவின் குற்றச்சாட்டை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. 1998-ல் டெல்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பித்தப்பைப் புற்றுக்கும் கலப்படக் கடுகெண்ணெயின் மீது ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் உண்டு, தீர்ப்பு இன்னும் வரவில்லை. சந்தேகப் பட்டியல் நீளமானது: டைஃபாய்டு கிருமி பித்தப்பையில் ஆண்டுக்கணக்கில் குடியிருப்பது, தண்ணீரில் ஆர்சனிக், பிள்ளைப்பேறுகள், ஹார்மோன். 2017-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு, ஏழாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மரபணுக்களில் இந்த நோயோடு தொடர்புள்ள மாற்றங்களைக் கண்டது. கொழுப்புப் பொருட்களைப் பித்தநீருக்குள் செலுத்தும் பம்புகளோடு சம்பந்தப்பட்ட மரபணுக்கள் அவை. கல் இருந்தாலே புற்று என்பதும் இல்லை. புற்று வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கல் இருக்கிறது, கல் இருப்பவர்களில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது. இதை அம்மாவுக்கு எழுதி அனுப்பினேன். அண்ணியிடமும் சொன்னேன். “மாஜியிடம் சொல்லுங்கள், ஒரு மாதம் நல்லெண்ணெயில் சமைத்துப் பார்க்கிறேன்” என்றார். பிறகு, “தேவர்ஜி, இவ்வளவு எழுதறீங்க. நான் இருப்பேனா மாட்டேனா, அதைத் தமிழ்ல எழுதுங்க” என்றார்.

இரண்டாவது ஆபரேஷனின் அறிக்கை மூன்றே வரி. கல்லீரலில் புற்று இல்லை. 12 கணுக்களில் ஒன்றிலும் இல்லை. விளிம்புகள் சுத்தம். அன்றைக்கே மொழிபெயர்த்து அனுப்பினேன். பிறகு ஆறு மாதம் மாத்திரை வடிவில் கீமோ. உள்ளங்கால் வெடித்து, இரண்டு மாதம் செருப்பில்லாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருந்த ஸ்கேன் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இதுவரை, குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை.

சமீபத்தில் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். பித்தப்பைப் புற்றுகளில் ஒரு பகுதியில் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும், அதைக் குறிவைக்கும் மருந்துகள் இப்போது வந்துவிட்டன. பின்னால் தேவைப்பட்டால் உதவும், பழைய திசுவில் சோதித்து வைத்துக்கொள்வோம் என்றார். முதல் ஆய்வுக்கூடத்தில் பித்தப்பையின் துண்டுகள் மெழுகில் புதைத்து எண் போட்டு அப்படியே இருந்தன. நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டில் ஒன்றை மட்டும் ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணி வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் அளவு வெள்ளை மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு கீற்று.

“இவ்வளவுதானா?” என்றார்.

அண்ணா அதை வாங்கி உறையில் போட்டு, வெயில் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். மார்ச் மாதம்தான், ஆனால் வாரணாசி வெயிலில் மெழுகு உருகிவிடுமோ என்று அவருக்குப் பயம். சோதனைக்குப் பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.